ஒரு லோஞ்ச், ஒரு சிவப்புத் தகடு

சாப்பாட்டுக் கரியரோடு புஷ்பவதி மழைக்குள் இறங்கினாள் என்று போன வாரம் விட்டிருந்தோம். அவள் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறாள். துறைமுக வீதியில் முழங்காலளவு தண்ணீர். குடை காற்றில் மறுபக்கம் மடங்கி, இப்போது கம்பியும் துணியும் வேறு வேறாக நிற்கிறது.

புருஷனுக்குச் சோறு கொண்டுபோகிறாள் என்று கடைக்காரர்கள் மெச்சியிருப்பார்கள். மெச்சட்டும். கரியரின் அடித்தட்டில் சோறு இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கிற காயச்சரக்கு ஒரு துணியில் முடிந்து கிடக்கிறது. அது குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சானுக்குப் போகவேண்டிய சாமான். குடாவைக் கடக்கிற லோஞ்சை, அந்த மோட்டார்ப் படகை ஓட்டுகிற லாபிரின் கையில் இரகசியமாகக் கொடுத்தால் போய்ச் சேரும்.

கட்டைபறிச்சானில் இருப்பவள் அவளுடைய ஒரே மகள் கமலாதேவி. இரண்டு வருஷத்துக்கு முன், கலியாணத்துக்கு நாள் வைத்து, பந்தற்கால் நட்ட பிறகு, அருளம்பலம் என்ற டிராக்டர்க்காரனோடு குடாவைக் கடந்து போனாள். ஏமாந்து நின்ற மாப்பிள்ளை சொந்த மச்சான்தான். புஷ்பவதியின் புருஷன் பாக்கியரத்தினத்தின் தங்கை மகன், கனகசுந்தரம்.

தகப்பன் பாக்கியரத்தினம் அன்றைக்கு அழவில்லை. கிணற்றடிக்குப் போய், நாலு பேர் பார்க்கத் தலை முழுகினார். அதோடு விட்டாரா? எட்டாம் நாள் எட்டுச் செலவும் செய்தார், உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு! செத்தவருக்குப் பிடித்ததைப் படைப்பதுதானே வழக்கம்? கமலாதேவிக்குப் பிடித்த கணவாய்க் கறியையும் இறால் பொரியலையும் பெற்ற தாயைக் கொண்டே சமைப்பித்தார். சொந்தக்காரர் வரிசையாக இருந்து சாப்பிட்டார்கள். கனகசுந்தரம் இரண்டாந்தரமும் சோறு கேட்டு வாங்கினான்.

அந்த மகளுக்கு இது பேறு மாதம். வீட்டில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று புஷ்பவதி எண்ணிக்கொண்டிருக்கிறாள். பாக்கியரத்தினத்துக்கும் தெரியும். தெரியாதவர்போல் இருப்பதில் அவரை அடிக்க ஆள் இல்லை.

அவள் நடக்கட்டும். நாம் அவளுக்கு முந்திப் பாக்கியரத்தினம் வேலை பார்க்கிற கந்தோருக்கு, அந்த அலுவலகத்துக்குப் போய்விடுவோம்.

விரிகுடா லோஞ்ச் கம்பனியின் கட்டுப்பாட்டு அறை இறங்குதுறைக்கு மேலே இருக்கிறது. மழை நாட்களில் குடாவைச் சுற்றியுள்ள ஊர்களில் எவன் எங்கே மாட்டிக்கொண்டாலும் ரெலிபோன் அடிப்பது இங்கேதான். அறையின் ஒரு சுவர் முழுவதும் பலகை. பலகையில் நீல மையால் குடா, மஞ்சள் மையால் கரை. ஊருக்கு ஓர் ஆணி. அழைப்பு வந்தால் அந்த ஊரின் ஆணியில் ஒரு தகரத் தகடு தொங்கும்.

உயிர் போகிற காரியமென்றால் சிவப்பு. போகக்கூடும் என்றால் மஞ்சள். பொறுத்துக்கொள்ளலாம் என்றால் வெள்ளை.

யுத்தக் காலத்தில் பாக்கியரத்தினம் வெள்ளைக்காரரின் கடற்படைக் கந்தோரில் வேலை பார்த்தவர். பெரிய மேசையில் கடற்படத்தை விரித்து, நீளத் தடியால் கப்பல் பொம்மைகளைத் தள்ளி வைக்கிற அறையில் நின்றவர். வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனான். இவர் அந்த அறையைத் தலைக்குள் தூக்கிக்கொண்டு வந்து இங்கே பலகையாக மாட்டிவிட்டார். உள்ளே வருகிறவன் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்கக்கூடாது, பார்த்த மாத்திரத்தில் குடாவின் நிலைமை விளங்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. ஓடக்கூடிய லோஞ்ச் எத்தனையோ, சிவப்புத் தகடும் அத்தனைதான். மழை நாளில் ரெலிபோன் எடுக்கிற எவனும் "எனக்கு ஒன்றும் அவசரமில்லை" என்று தொடங்குவதில்லை. தம்பலகாமத்தில் வயலுக்குள் தண்ணீர் வந்தவனும் உயிர் போகுது என்கிறான், ஆடு அள்ளுண்டு போனவனும் உயிர் போகுது என்கிறான். கேட்டவனுக்கெல்லாம் சிவப்பு மாட்டினால் லோஞ்ச்காரன் பலகையைப் பார்த்துத் தலையைச் சொறிவான். அதை நன்றாக அறிந்த மனுஷன். வேலையில் அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது.

இன்றைக்கு ஒரு லோஞ்ச் இறக்கக்கண்டிப் பக்கம் கடலில் தத்தளித்த மீனவரைத் தேடிப் போய்விட்டது. மற்றவை பழுதாகிக் கரையில் கிடக்கின்றன. மிச்சம் லாபிரின் லோஞ்ச் மட்டும். ஆகவே மிச்சம் ஒரேயொரு சிவப்புத் தகடு. அதை ஆணியில் விடாமல் பாக்கியரத்தினம் தன் சட்டைப்பையில் போட்டு வைத்திருந்தார்.

"மாமா, இரும்புப் படகுக்குச் சிவப்புப் போடுவம்," என்றான் கனகசுந்தரம். கோதுமை மா மூட்டைகளோடு நின்ற கம்பனிப் படகு ஒன்று கயிறு அறுத்துக்கொண்டு கிண்ணியாப் பக்கம் போய்விட்டது. அதில் காவலுக்கு ஓர் ஆளும் இருந்தான்.

"கை வையாத. அது மணல்திட்டியில ஏறிட்டுது. காத்து மாறுமட்டும் அசையாது. மஞ்சள் போடு."

"அதில ஒரு மனிசன் நிக்கிறான்."

"நிக்கிறான்தானே? நிக்கிறவனுக்கு மஞ்சள், தாழுறவனுக்குத்தான் சிவப்பு. எத்தினை வருஷமாச் சொல்லித் தாறன், மண்டைக்குள்ள ஏறேல்லையே!" இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "கட்ட இருந்த பொம்பிளை ஓடினதே தெரியாம நித்திரை கொண்டவன்தானே நீ. படகு ஓடினது எங்கால தெரியப்போகுது?"

ஜன்னலுக்கு வெளியே மழைக்கோட்டோடு நின்ற லாபிர், கனகசுந்தரம் காக்கா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிறவர், தலையைக் குனிந்துகொண்டார். அவர் பலகையை எப்போதும் அந்த ஜன்னலால்தான் பார்ப்பார். ஈரக் காலோடு உள்ளே வருவதில்லை.

கனகசுந்தரம் கிண்ணியா ஆணியில் மஞ்சளை மாட்டினான். காது சிவந்திருந்தது.

கனகசுந்தரம் ஏன் இப்படிக் கல்லாகிப் போனான் என்று சில வாசகிகள் என்னைக் கேட்கிறார்கள். பந்தலைப் பிரித்த அன்றைக்கு ஊரே அவனைப் பார்த்துச் சிரித்தது. அதன் பிறகு நித்தமும் ஒரே அறையில், மாமனின் கீழ் வேலை. அந்த மாமனோ மகளின் மேலுள்ள ஆத்திரத்தையெல்லாம் மருமகனின் தலையில்தான் இறக்கி வைக்கிறார். மண் பானையாவது உடைந்திருக்கும். இவன் இறுகிவிட்டான்.

ரெலிபோன் அடித்தது.

"விரிகுடா லோஞ்ச் கம்பனி," என்றான் கனகசுந்தரம். கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மறுமுனையில் சொல்வதை ஒவ்வொன்றாக உரத்துத் திருப்பிச் சொல்லத் தொடங்கினான்.

"பேர் அருளம்பலம். சரி. எங்கயிருந்து பேசுறியள்? மூதூர், நெல்லு மில். ஆத்தை நீந்திக் கடந்து வந்தனீங்களோ? சரி. எந்த ஊருக்கு லோஞ்ச் வேணும்? கட்டைபறிச்சான்."

பலகையில் காற்றின் திசையைச் சோக்கால் கீறிக்கொண்டிருந்த பாக்கியரத்தினத்தின் கை நின்றது.

"நோயாளியின்ர பேர்? கமலாதேவி. என்ன வருத்தம்? பிள்ளைப்பேறு. விடியத் துடங்கின வயித்துக் குத்து. பிள்ளை குறுக்க கிடக்கு. மருத்துவிச்சி பக்கத்தில இருக்கிறாவோ? இருக்கிறா. அவதான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுறா. லோஞ்ச் ஆத்துமுகத்துக்கு வந்தாப் போதுமோ? சரி."

அவன் ஒரு கணம் மாமனைத் திரும்பிப் பார்த்தான்.

"நோயாளியின்ர தகப்பன் பேர்?"

அந்த அறையில் எவரிடமும் அப்படி ஒரு கேள்வி கேட்பதில்லை.

"பாக்கியரத்தினம்," என்று கனகசுந்தரம் திருப்பிச் சொன்னான். "பொறுங்கோ. கேட்டுச் சொல்லுறன்."

ரிசீவரை வைக்கவில்லை. மேசையில் மல்லாக்கக் கிடத்தினான்.

பாக்கியரத்தினத்தின் கை சட்டைப்பைக்குள் போனது. அவர் யோசிக்கவில்லை. யோசிக்கவும் தேவையில்லை. குறுக்கே கிடக்கிற பிள்ளை ஒரு பக்கம், மணலில் ஏறி நிற்கிற படகு ஒரு பக்கம். அவர் சிவப்புத் தகட்டை எடுத்துக்கொண்டு கட்டைபறிச்சான் ஆணிக்கு நேரே நடந்தார்.

"மாமா."

கனகசுந்தரம் பலகைக்கு மேலே விரலை நீட்டினான்.

அங்கே வெள்ளை மையில் ஒரு வரி எழுதியிருந்தது. "தன் இனசனத்தின் அழைப்புக்கு எவரும் தகடு போடக்கூடாது. பக்கத்து உத்தியோகத்தர் தீர்மானிப்பார்." எழுதியது பாக்கியரத்தினம்தான். ஒரு வெள்ளத்தில் அவர் தன் மைத்துனரின் வீட்டுக்கு முதலில் லோஞ்ச் அனுப்பினார் என்று கதை கிளம்பியது. "தனக்குத் தனக்கெண்டால் சுளகும் படக்குப் படக்கெண்ணுமாம்," என்று மூதூர்ச் சந்தையில் எவனோ சொன்னது இவர் காதுக்கு வந்துவிட்டது. அடுத்த நாளே ஏணி வைத்து ஏறி, தன் கையாலேயே அந்த வரியை எழுதினார். அதற்குப் பிறகு எவரும் அவரைப்பற்றித் தப்பாகக் கதைத்ததில்லை. கோயிலில் சாமியைக் கும்பிடுவதைவிட அவர் அந்த வரியை அதிகம் கும்பிட்டார்.

"தள்ளு," என்றார் பாக்கியரத்தினம்.

"தள்ளுறன். ஒண்டைச் சொல்லிப்போட்டுப் போடுங்கோ. கமலாதேவி உங்கட மகளெண்டால் நீங்கள் தகட்டைத் தொடேலாது, தீர்மானம் என்ர கையில. மகள் இல்லையெண்டால் அவ பிற ஆள், நீங்கள் தாராளமாப் போடலாம். தலை முழுகினனீங்கள். எட்டுச் செலவும் செய்தனீங்கள், நானும் சாப்பிட்டனான். இல்லையெண்டு சொல்லிப்போட்டு மாட்டுங்கோ. லாபிர் காக்கா சாட்சி."

அவன் குரலை உயர்த்தவில்லை. மாமன் தனக்கு ஆறு வருஷமாகப் படிப்பித்த தொழிலை ஒப்புவிப்பதுபோலச் சொன்னான்.

எவ்வளவு லேசான காரியம்! "ஒருத்தியுமில்லை" என்று ஒரு சொல். சந்தையில், கோயில் வீதியில், சவரக் கடையில் எத்தனை தரம் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு தரம் சொன்னால் லோஞ்ச் போகும், பிள்ளை பிழைக்கும். பாக்கியரத்தினம் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு புஷ்பவதி உள்ளே வந்தாள்.

சேலை முழுவதும் நனைந்து, கையில் கரியரோடு வாசலில் நின்றவளுக்குக் கந்தோரின் சட்டமும் தெரியாது, தகட்டின் நிறமும் தெரியாது. கனகசுந்தரம் கடைசியாகக் கேட்டது மட்டும்தான் காதில் விழுந்தது.

"சொல்லுங்கோ மாமா. கமலாதேவி உங்களுக்கு ஆர்?"

அந்தப் பெயர் அவள் வீட்டில் உச்சரிக்கப்பட்டு இரண்டு வருஷம். கரியரைக் கதிரையில் வைத்துவிட்டு அவள் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன நடந்தது? பிள்ளைக்கு என்ன?"

"புஷ்பம், நீ கொஞ்சம் வெளியில நில்."

"நிக்கமாட்டன். அவன் கேட்கிறானெல்லே, சொல்லுங்கோ. என்ர மகள் எண்டு சொல்லுங்கோ."

"உனக்கு விளங்காது. பேசாம இரு."

"எனக்கு விளங்காதோ? பெத்தவளுக்கு விளங்காததோ? உயிரோட இருக்கிற பிள்ளைக்குப் படையல் சமைக்கச் சொன்னனீங்கள், வாய் திறக்காமச் சமைச்சனான். அண்டையில இருந்து உங்கட வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறன், எப்ப இந்த மனிசன் மகள் எண்டு சொல்லுமெண்டு." அவள் அழத் தொடங்கினாள். "இண்டைக்கும் இல்லையெண்டு சொன்னியளெண்டால் நான் வீட்டுக்கு வரமாட்டன். இந்த இறங்குதுறையிலயே குதிப்பன்."

"புஷ்பம், பொறு, அப்பிடியில்லை..."

"ஒருக்காச் சொல்லுங்கோ. ஒரேயொருக்கா!"

பாக்கியரத்தினம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இரண்டு வருஷமாக அவர் பாராத முகம் அது. சோறு போடும்போது தலையைக் குனிந்துகொண்டு போட்டிருக்கிறாள், அவரும் குனிந்துகொண்டு சாப்பிட்டிருக்கிறார். அந்த முகத்துக்கு முன்னால், நாக்கு நுனியில் ஆயத்தமாக நின்ற "ஒருத்தியுமில்லை" புரண்டுபோயிற்று.

"மகள்," என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு உரத்துச் சொன்னார். "என்ர மகள்."

புஷ்பவதி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். பாவி, அவளைப்போலச் சந்தோஷப்பட்டவள் அன்றைக்குத் திருகோணமலையில் வேறு ஒருத்தியும் இருந்திருக்கமாட்டாள்.

கனகசுந்தரம் கையை நீட்டினான்.

"அப்ப தகட்டைத் தாங்கோ மாமா."

பாக்கியரத்தினம் தகட்டை இறுக்கிப் பிடித்தார்.

"தராட்டிலும் பரவாயில்லை," என்றான் அவன். "ஏணி கோடியில கிடக்கு. ஏறி அந்த வரியை அழிச்சுப்போட்டு நீங்களே மாட்டுங்கோ. நான் தடுக்கமாட்டன். நாளைக்கு மூதூர்ச் சந்தையில கதைக்கிறவன் கதைக்கட்டும்."

அவர் கொடுத்தார். ஆம், கொடுத்தார். இதை எழுதும்போது எனக்கு அந்த மனுஷனின் கையைப் பிடித்து முறிக்கவேண்டும்போல இருக்கிறது. மகளின் உயிரை உள்ளங்கையில் வைத்திருந்தவர், சந்தையில் எவனோ சொல்லப்போகிற சொல்லுக்குப் பயந்து அதை நீட்டிக் கொடுத்தார்.

"போடடா தம்பி," என்றார். அவனை அவர் தம்பி என்று கூப்பிட்டு வெகு காலம். "ஞாயமாப் போடு. உனக்குத் தெரியும், அது சிவப்பு."

"ஞாயமாத்தான் போடுவன். பிள்ளைப்பேறு, மருத்துவிச்சி பக்கத்தில இருந்தால் மஞ்சள். நீங்கள் எழுதின சட்டம்."

"அந்த மருத்துவிச்சிதானேடா கொண்டுவரச் சொல்லுறா!"

"அப்பிடி ஒண்டும் நீங்கள் எழுதேல்லை."

கட்டைபறிச்சான் ஆணியில் மஞ்சள் தொங்கியது. கிண்ணியா ஆணியிலிருந்த மஞ்சளைக் கழற்றிவிட்டு, அங்கே சிவப்பை மாட்டினான். "காவலுக்கு நிக்கிறவனுக்கும் பெண்டில் பிள்ளையள் இருக்கு மாமா."

புஷ்பவதி இதொன்றையும் கவனிக்கவில்லை. கரியரின் அடித்தட்டைத் திறந்து, துணி முடிச்சை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். இனி ஒளிப்பு மறைப்பு எதற்கு?

"தம்பி லாபிர், இதையும் கொண்டுபோய்க் குடுத்துவிடுங்கோ. காயச்சரக்கு. பிள்ளை பிறந்த உடனை அரைச்சுக் குடுக்கச் சொல்லுங்கோ. அப்பா மகளெண்டு சொல்லிப்போட்டார் எண்டும் சொல்லுங்கோ. மறந்திடாதேங்கோ."

லாபிர் முடிச்சை வாங்கவில்லை. அவருடைய கண் அவளுடைய தலைக்கு மேலால் பலகையைப் பார்த்தது.

"அக்கா, நான் கிண்ணியாவுக்கெல்லோ போறன்."

"ஏன்? பிள்ளை அங்க இல்லையே."

புஷ்பவதி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள், கனகசுந்தரத்தைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். வண்ணத் தகடுகள் தொங்கின. எது எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இதில எதுவடா என்ர பிள்ளை?" என்று கேட்டாள்.

கனகசுந்தரம் மஞ்சளைக் காட்டினான். "மாமா மகளெண்டு சொல்லாமல் விட்டிருந்தால் சிவப்பா இருந்திருக்கும் மாமி," என்றான். அதையும் சொல்லித்தான் தீர்த்தான்.

அவளுக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியபோது அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"ஐயா," என்று ஜன்னலுக்கு வெளியே இருந்து லாபிர் கூப்பிட்டார். "நான் தகட்டைப் பார்த்துத்தான் ஓடுறனான். ஆனாலும் நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. கட்டைபறிச்சானுக்குத் திருப்பிறன். வாற பழியை நான் ஏற்கிறன்."

மகளைக் காப்பாற்ற ஒரு வாசல் மறுபடி திறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கியரத்தினம் என்ன செய்தார் தெரியுமா? லாபிரைப் பார்த்துத் தலையை ஆட்டவில்லை. மருமகனிடம் திரும்பினார். தான் எழுதிய சட்டத்துக்குள்ளேயே ஒரு பொந்து தேடினார்.

"கனகு, நான் சொன்னது பிழை. அவள் என்ர மகள் இல்லை. எனக்கு மகளே இல்லை. செத்துப்போனாள், நான் எட்டுச் செலவும் செய்தனான், நீயும் சாப்பிட்டனீ. தகட்டைத் தா, நான் மாட்டுறன்."

நிலத்தில் இருந்தபடியே புஷ்பவதி அதைக் கேட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீரும் இப்போது இல்லை.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை," என்றான் கனகசுந்தரம். "ஒரு வாய்க்குள்ள ரெண்டு நாக்கோ மாமா? சொன்னதுக்குச் சாட்சி இருக்கு."

"ஐயா, காத்து ஏறுது," என்றார் லாபிர். "என்ன சொல்லுறியள்?"

பாக்கியரத்தினம் மேலே எழுதியிருந்த வரியைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார்.

"தகடு எங்க இருக்கோ அங்க போ," என்றார்.

லாபிர் தலையில் அடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் கீழே எஞ்சின் உறுமியது.

அப்போதுதான் மேசையில் கிடந்த ரிசீவருக்குள்ளிருந்து மெல்லிய சத்தம் கேட்டது. யாரோ "ஹலோ, ஹலோ" என்றார்கள். பாக்கியரத்தினம் கையை நீட்டினார். அதற்குள் புஷ்பவதி மேசையைப் பிடித்து எழும்பி, ரிசீவரை எடுத்துவிட்டாள்.

"அருளம்பலமோ? நான் மாமி பேசுறன்." மருமகனோடு அவள் பேசுவது இதுதான் முதல் தடவை.

"இல்லையம்மா, நான் மில்லில வேலை செய்யிற அன்ஸார். அவர் போயிட்டார்."

"எங்க போயிட்டார்?"

"வீட்டுக்குத்தான். ரெலிபோனுக்குள்ள எல்லாம் கேட்டுதாம். மாமா மகளெண்டு சொல்லிட்டார், மாமா மகளெண்டு சொல்லிட்டார் எண்டு என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதார். இனி எப்பிடியும் லோஞ்ச் வருமெண்டு சொல்லிட்டு ஓடிட்டார். அவவைக் கட்டிலோட தூக்கிக்கொண்டு ஆத்துமுகத்தில வந்து நிக்கப்போறாராம், லோஞ்ச் மினக்கெடக் கூடாதெண்டு." இளந்தாரிக் குரல், உதவி செய்த சந்தோஷம் அதில் தெரிந்தது. "லோஞ்ச் வெளிக்கிட்டுட்டுதோ அம்மா? அதைக் கேட்கத்தான் நான் நிண்டனான்."

"தம்பி, ஓடிப்போய் மறியுங்கோ. லோஞ்ச் வராது. பிள்ளையை வெளியில எடுக்கவேண்டாமெண்டு சொல்லுங்கோ. அந்த மழைக்குள்ள, ஐயோ, அந்த நிலைமையில அவளைத் தூக்கவேண்டாமெண்டு சொல்லுங்கோ!"

மறுமுனையில் குரல் இறங்கியது. "எப்பிடியம்மா மறிக்கிறது? அவர் ஆத்துக்குள்ள இறங்கிட்டார். இங்காலப் பக்கம் எல்லாம் வெள்ளம். எனக்கு நீந்தத் தெரியாதம்மா."

புஷ்பவதி ரிசீவரை வைத்தாள்.

"என்னவாம்?" என்று கேட்டார் பாக்கியரத்தினம்.

"நீங்கள் மகளெண்டு சொன்னது அங்க கேட்டிருக்கு. பிறகு சொன்னதுகள் கேட்கேல்லை. அவளைக் கட்டிலோட மழைக்குள்ள ஆத்துமுகத்துக்குக் கொண்டுவருகினம், லோஞ்ச் வருமெண்டு நம்பி."

கனகசுந்தரம் எழுந்து ஜன்னலுக்கு ஓடினான். "லாபிர் காக்கா!" என்று கத்தினான். லோஞ்ச் துறையைத் தாண்டிக் கிண்ணியாப் பக்கம் மூக்கைத் திருப்பிவிட்டது. காற்று அவன் குரலை அவன் முகத்திலேயே திருப்பி அடித்தது. அவன் இன்னும் இரண்டு தரம் கத்தினான். பிறகு பலகைக்கு வந்து, கட்டைபறிச்சான் ஆணியிலிருந்த மஞ்சளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மாட்டுவதற்குச் சிவப்பு இல்லை.

"மாமி," என்றான். "நான் அவ சாகவேணுமெண்டு நினைக்கேல்லை."

"நினைச்சதும் நினையாததும் இருக்கட்டும்," என்றாள் புஷ்பவதி. "அவரைச் சொல்ல வைச்சவள் நான்தானே."

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"எங்க போறாய்?" என்று பாக்கியரத்தினம் கேட்டார்.

"மீன்பிடிக்கிற ஆக்களிட்ட. ஒரு வள்ளம் கேட்கப்போறன். அவள் எனக்கு ஆரெண்டு அங்க ஒருத்தரும் கேட்கமாட்டினம்."

படியில் அவளுடைய காலடிச் சத்தம் இறங்கிப் போயிற்று. கரையில் வள்ளங்களெல்லாம் மேலே ஏற்றிக் கவிழ்த்துக் கிடந்தன. அந்தக் காற்றில் ஒருவரும் கடலுக்கு இறங்கியிருக்கவில்லை.